மறைத்து வைத்த பட்டம்

‘ஓவர் குவாலிஃபைடு’ என்பதற்குத் தமிழில் புழங்குகிற சொல் ஒன்று இல்லை. ‘மிகைத் தகுதி’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் எழுதலாம். யாரும் அப்படிப் பேசுவதில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளிலோ சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளிலோ வேலை கேட்டுப் போகும் பையனிடம், “இவ்ளோ படிச்சிட்டு இங்க எதுக்குப்பா வந்த?” என்பார்கள். கேட்பதற்கு மரியாதை மாதிரிதான் இருக்கும். பயோடேட்டா மட்டும் கைக்குத் திரும்பி வந்திருக்கும்.

நம் கதைகளுக்கும் சினிமாவுக்கும் பழக்கமான சொல் வேறொன்று: வேலையில்லாப் பட்டதாரி. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஒன்றில்லை. வேலையில்லாப் பட்டதாரிக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்; குறை நாட்டிடமோ அரசாங்கத்திடமோ இருக்கிறது. மற்றவன் நிற்கிற இடத்தில் வேலை இருக்கிறது. கடை வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று அட்டை தொங்குகிறது. குறை அவனிடம் இருக்கிறது, அதுவும் அவன் வீட்டார் கடன் வாங்கிச் சேர்த்துக் கொடுத்த ஒன்றில். முதல் நிலை கோபத்தைத் தரும். இரண்டாவது தருவது ஒருவிதக் கூச்சம். தமிழில் நாற்பது வருஷமாக அந்தக் கோபத்தை எழுதியிருக்கிறோம், படமெடுத்திருக்கிறோம், பாட்டுப் போட்டு ஆடியிருக்கிறோம். கூச்சத்தை ஏறக்குறையத் தொடவே இல்லை. இந்தக் கட்டுரையின் புகார் அதுதான்.

1980இல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கே. பாலசந்தரின் ரங்கன் தத்துவம் படித்த எம்.ஏ. பட்டதாரி, சங்கீத வித்வானின் பிள்ளை, டில்லியில் பசியோடு பாரதியைச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். வளைந்து கொடுக்கத் தெரியாததால் அவனுக்கு வேலை அமையவில்லை. கடைசியில் முடி திருத்தும் வேலைக்குப் போகிறான். அப்பா வந்து பார்க்கிறார். ஒரு தலைமுறையே அந்தக் காட்சியைப் பார்த்து அழுதது. எந்தத் தொழிலும் இழிவில்லை என்று அந்தப் படம் சொல்வதாக இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில் ஒரு தொந்தரவு உண்டு. அந்தக் காட்சியின் அதிர்ச்சி முழுக்க, ஒரு பிராமண வித்வானின் மகன் கையில் கத்தரிக்கோல் இருப்பதில்தான் இருக்கிறது. அதே கடையில் பக்கத்து நாற்காலியில் வெட்டிக்கொண்டிருக்கும் பரம்பரைத் தொழிலாளியின் மகன் எம்.ஏ. படித்திருந்தால்? அவன் அங்கே நிற்பதைக் கண்டு யாரும் அழமாட்டார்கள். ‘அவங்க வேலைதானே’ என்று போய்விடுவார்கள். ரங்கனுடைய படிப்பு ‘அதிகம்’ என்று நமக்குத் தோன்றுவதற்கு அவனுடைய பட்டம் பாதிக் காரணம். பிறப்பு மீதிக் காரணம்.

இதைச் சினிமாவோடு நிறுத்த வேண்டியதில்லை. 2019 தொடக்கத்தில் தமிழ்நாடு சட்டமன்றச் செயலகத்தில் பெருக்குபவர், துப்புரவுப் பணியாளர் என்று 14 இடங்களுக்கு 4,600க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அதே வருஷக் கடைசியில் கோவை மாநகராட்சியின் 549 துப்புரவுப் பணியிடங்களுக்குச் சுமார் 7,000 பேர் வந்தார்கள். இரண்டு முறையும் தலைப்புச் செய்தி ஒன்றே: ‘துப்புரவு வேலைக்கு இன்ஜினியர்கள்!’ அந்த ஆச்சரியக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கோவையில் விண்ணப்பித்தவர்களில் ஏற்கெனவே பல வருஷம் ஒப்பந்தத்தில் குப்பை அள்ளியவர்களும் இருந்தார்கள். பத்து வருஷம் அள்ளியும் நிரந்தரமாகாத அவர்களுக்கு ஆச்சரியக்குறி கிடைக்கவில்லை. துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவின் வேலைக்கே வரிசையில் நிற்பது செய்தியாகக்கூட இல்லை.

சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’ (1970) பார்த்தவர்களுக்கு அந்த நேர்முகத் தேர்வுக் காட்சி மறந்திருக்காது. கடந்த பத்தாண்டின் முக்கியமான நிகழ்வு எது என்று கேட்கிறார்கள். நிலவில் கால் வைத்ததை எதிர்பார்க்கிறவர்களிடம் சித்தார்த்தன் வியட்நாம் போர் என்கிறான். நீ கம்யூனிஸ்டா என்று அடுத்த கேள்வி வருகிறது. அவனுக்குப் பதில் தெரியாமல் போகவில்லை. கேட்டதைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. வேலை கொடுப்பவனுக்கு எது பயம் என்பதை அந்தப் படம் ஒரே நிமிஷத்தில் காட்டிவிடுகிறது. அமெரிக்காவில் இதை ஒளிக்காமலே சொன்னார்கள். கனெக்டிகட் மாநிலம் நியூ லண்டன் நகரத்துப் போலீஸ், அறிவுத்திறன் தேர்வில் 20 முதல் 27 வரை எடுத்தவர்களை மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. 33 எடுத்த ஒருவரைக் கூப்பிடவில்லை. மூளை அதிகமுள்ளவன் சலித்துப்போய் வேலையை விட்டுவிடுவான், பயிற்சிக்குச் செய்த செலவு வீண் என்பது காரணம். அவர் வழக்குப் போட்டார். எல்லோரையும் ஒரேமாதிரிதானே நடத்தினார்கள் என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் போலீஸ் பக்கமே நின்றது.

முதலாளி சொல்லும் காரணங்களை எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். சீக்கிரம் விட்டுப் போய்விடுவான். சம்பளம் கூடக் கேட்பான். மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை: கேள்வி கேட்பான். பிடித்தம் எவ்வளவு, மிகைநேரத்துக்கு ஏன் ஒற்றைக் கூலி, கையெழுத்து வாங்கிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது. முதல் இரண்டும் கணக்கு. மூன்றாவது அரசியல், ‘படிச்ச திமிரு’ என்று அதற்கு ஊரில் பெயர்.

ராமின் ‘கற்றது தமிழ்’ (2007) வந்தபோது கல்லூரியில் தமிழ் படித்தவர்கள் பலர் அதைத் தங்கள் சொந்தக் கதையாக எடுத்துக்கொண்டார்கள். நியாயம்தான். சொற்பச் சம்பளத்துக்குத் தமிழாசிரியராக இருக்கும் பிரபாகருக்கும் கால்சென்டர் இளைஞனுக்கும் நடுவில் உள்ள சம்பளப் பள்ளத்தை அதற்கு முன் தமிழில் யாரும் அவ்வளவு வெறியோடு காட்டியதில்லை. ஆனால் பிரபாகரின் படிப்பை யாரும் ‘அதிகம்’ என்று சொல்லவில்லை. ‘தவறு’ என்றுதான் சொல்கிறார்கள். வேறு பாடம் எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்ற எண்ணத்தின் மேல்தான் மொத்தப் படமும் நிற்கிறது. இன்னொன்று, அவனுடைய ஆத்திரம் சம்பளம் நிர்ணயிக்கிறவன் மேல் பாயவில்லை. பக்கத்து மேசையில் கூடுதலாக வாங்குகிறவன் மேல் பாய்கிறது. தன் எம்.ஏ.வை மறைக்கலாம் என்று பிரபாகருக்கு ஒரு நொடிகூடத் தோன்றுவதில்லை. கொலைகளையே கேமரா முன் உட்கார்ந்து வரிசையாகச் சொல்கிறவன், பட்டத்தையா மறைப்பான்! அந்தப் படமே ஒரு நீண்ட பயோடேட்டாதான் என்று சொன்னால் ராமின் ரசிகர்கள் கோபப்படக்கூடும்.

‘வேலையில்லா பட்டதாரி’ (2014) வந்த நேரத்தில் தமிழ்நாட்டில் 500க்கும் மேல் இன்ஜினியரிங் கல்லூரிகள் இருந்தன. படம் ஓடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. சிவில் படித்த ரகுவரன் சிவில் வேலைதான் வேண்டும் என்று காத்திருக்கிறான். காத்திருக்க அவனுக்குச் சொந்த வீடு இருக்கிறது, திட்டிக்கொண்டே சோறு போடும் அப்பா இருக்கிறார், தம்பிக்குச் சம்பளம் வருகிறது. மானத்தோடு காத்திருப்பதற்கும் ஒரு முதலீடு தேவை என்பதைப் படம் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்றை அது தானறியாமலே சொல்லிவிடுகிறது. ரகுவரனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது? அம்மா இறக்கிறாள். அவளுடைய உறுப்பைத் தானமாகப் பெற்ற பெண்ணின் அப்பா கட்டுமான நிறுவனம் வைத்திருக்கிறார். அவர் கூப்பிட்டுக் கொடுக்கிறார். பட்டம் கொண்டுவராத வேலையை அம்மாவின் சாவு கொண்டுவந்தது.

இதை எழுதும்போதுதான் இமையத்தின் ‘எங் கதெ’ (2015) ஞாபகம் வந்தது. கழுதூர்க்காரரான இமையம் நடுநாட்டுப் பேச்சிலேயே எழுதிய சின்ன நாவல். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வேப்பூர் தாண்டினால் அந்த மொழி காதில் விழும். படித்துவிட்டு வேலையில்லாமல் ஊரில் கிடக்கும் ஒருவன், பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலைக்கு வந்த விதவைப் பெண் ஒருத்தியோடு வருஷக்கணக்காக வைத்திருந்த உறவைச் சொல்கிறான். நாவலைப் பற்றி வந்த பேச்செல்லாம் காமம், சந்தேகம், ஆண் மனம் என்றே சுற்றின. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டோம். அவளுக்கு வேலை கிடைத்தது கணவன் செத்ததால், கருணை அடிப்படையில். அவனிடம் இருப்பது பட்டச் சான்றிதழ், அவளிடம் இருந்தது இறப்புச் சான்றிதழ். அரசாங்க மேசையில் எது செல்லுபடியானது என்பது நாவலின் முதல் சில பக்கங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் அவனுடைய பொறாமை, உரிமை கொண்டாடல், அவள் சம்பளத்தையும் அவளையும் பிரித்துப் பார்க்க முடியாத தவிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இரண்டு காகிதங்கள் கிடக்கின்றன. வேலையில்லாதவனுக்குப் பொழுது முழுக்க ஒருத்தியைப் பற்றி நினைக்க நேரமிருக்கிறது. வேலை இருப்பவளுக்கு இல்லை. மீரட் இளைஞர்களைப் பற்றி கிரெய்க் ஜெஃப்ரி எழுதிய புத்தகத்துக்கு ‘டைம்பாஸ்’ என்றே பெயர் வைத்தார். இமையத்தின் கதைசொல்லி அந்தப் புத்தகத்தில் தாராளமாக நடமாடலாம்.

நடுநாட்டு எழுத்தில் வேலை என்பதை வேலையாகவே எழுதிய நாவல் கண்மணி குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’. விருத்தாசலத்தில் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர் அவர். அந்த டெப்போவின் கிரீஸ் வாசனையோடு, நிரந்தரமாகாத தினக்கூலித் தொழிலாளிகளைப் பற்றி எழுதினார். அங்கே படிப்பு பேச்சிலேயே வராது. இன்றைக்கு டியூட்டி உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. ரங்கனும் பிரபாகரும் ஒரு ஓரத்தில் நின்றால் ‘நெடுஞ்சாலை’யின் ஆட்கள் மறு ஓரத்தில் நிற்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவன், அதாவது எம்.ஏ. முடித்துவிட்டு அந்த டெப்போவில் தினக்கூலியாகச் சேர்வதற்காக எம்.ஏ.வை ஒளித்தவன், இன்னும் எந்த நாவலிலும் எனக்கு அகப்படவில்லை.

அவன் கல்வராயன் மலையில் அகப்படுவான்.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு. சேலம் பக்கம் இறங்கினால் கருமந்துறை. இங்கே வாழும் பழங்குடிகளுக்கு ‘மலையாளிகள்’ என்று பெயர். கேரளத்தவர் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த கதையைச் சொல்கிறவர்கள். சாமை, தினை, குச்சிக்கிழங்கு, கடுக்காய். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. குடிகள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நாடு விடுதலையாகி முப்பது வருஷம் கழித்துத்தான் இங்கே அது முடிவுக்கு வந்தது. அந்தக் கடைசி வெட்டி வேலைக்காரர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பட்டதாரிகள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். கள்ளக்குறிச்சியை உள்ளடக்கியிருந்த பழைய விழுப்புரம் மாவட்டத்தில் 72ஐ ஒட்டி நின்றது. மலையை மட்டும் தனியே எடுத்தால் இன்னும் கீழே. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கும் மேல் இறந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலர் இந்த மாவட்டத்தின் பெயரையே கேட்டார்கள். கல்வராயன் என்றால் ஊறல் என்று டிவியில் ஒரு வாரம் ஓடியது. அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்நிலை என்ன என்று அரசாங்கத்தைக் கேட்கத் தொடங்கியது.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊரைச் சேர்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். பேர் வேண்டாம். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி. மேற்கு மாவட்டம் ஒன்றில் நூற்பாலையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார். ஆலையில் அவர் கொடுத்த பயோடேட்டாவில் கல்வித் தகுதி: பிளஸ் டூ ஃபெயில். பாஸ் என்றாவது போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“பாஸ்னு போட்டா அடுத்து என்ன படிச்சன்னு கேப்பாங்கண்ணா. ஃபெயில்னு போட்டா கேள்வி அங்கியே நின்னுடும்.”

காலேஜில் கழிந்த ஆறு வருஷத்தை எங்கே வைப்பது? கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் கூலி வேலை என்று எழுதியிருக்கிறார். மலையிலிருந்து பாதிப் பேர் அப்படிப் போகிறவர்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முகவரிகூடக் கச்சிராயபாளையத்துச் சொந்தக்காரர் வீட்டுடையது. கருணாபுரத்துக்கு அப்புறம் மாற்றிக்கொண்டாராம். வாட்ஸ்அப்பில் அங்கி போட்ட பட்டமளிப்பு போட்டோ இருந்தது, எடுத்துவிட்டார். அது இப்போது வீட்டுச் சுவரில் மட்டும் இருக்கிறது. மெஷின் திரையில் இங்கிலீஷில் பிழைச் செய்தி வரும்போது படிக்கத் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஃபிட்டர் வரும்வரை சும்மா நிற்பார். “வேல ஒண்ணும் கஷ்டமில்ல. தெரியாத மாதிரி நிக்கறதுதான் கஷ்டம்” என்றார். எனக்கு இதைக் கேட்டபோது பிரபாகரின் மொத்தக் கத்தலும் ஒரு சுற்றுச் சிறியதாகப் போய்விட்டது. ஒருவன் தன் அறிவைத் தானே தணிக்கை செய்துகொண்டு எட்டு மணி நேர ஷிஃப்ட் நிற்பது. இதில் ஒரு நாவல் இருக்கிறது, நாடகமே இல்லாத நாவல்.

இது விதிவிலக்கு என்று நினைப்பவர்கள் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்க வேண்டும். நம் எழுத்தாளர்கள் விட்டுவிட்ட பாத்திரத்தை நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில் எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்களுக்கான வேலை. கூடப் படித்திருந்த ஒருவர் அதை மறைத்துச் சேர்ந்தார். தெரிந்ததும் நீக்கினார்கள். கீழே அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி ஆலையின் பக்கம் நின்றது. பஞ்சாப் நேஷனல் வங்கி பியூன் வேலைக்கு விளம்பரம் செய்தபோது, பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்றது. ஒடிசாவில் ஒருவர் 2014லேயே வாங்கிய பட்டத்தைச் சொல்லாமல் விண்ணப்பித்துத் தேர்வானார். வங்கி கண்டுபிடித்து ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் அவருக்கு இரங்கியது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரங்கவில்லை. முக்கியமான உண்மையை மறைத்தவர் வேலையை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. சென்னை மெட்ரோ ரயிலில் டிப்ளமோ கேட்ட வேலைக்கு பி.இ. படித்த ஒருவர் போனார், மறைக்கவும் இல்லை. அவரும் தோற்றார், அதிகத் தகுதி உள்ளவர்கள் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே இருந்தது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

மறைத்தாலும் போச்சு, மறைக்காவிட்டாலும் போச்சு. ஊரில் பொய் என்றால் பத்தாவது ஃபெயிலானவன் பாஸ் என்று சொல்வது. போலிச் சான்றிதழ் கேள்விப்பட்டிருக்கிறோம். இது உண்மையான சான்றிதழை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லும் பொய். இந்தப் பொய்க்கு நம் மொழியில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

மறுபக்கத் தீர்ப்பும் இருக்கிறது. நாக்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் பியூன் வேலைக்கு ஏழாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களை ஒதுக்கியபோது, கூடப் படித்தான் என்பதற்காக ஒருவனைப் பரிசீலிக்கவே மறுப்பது அறிவுக்குப் பொருந்தாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனசு இந்தத் தீர்ப்பின் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மலையில் நின்று யோசித்தால் அவ்வளவு சுலபமாக இல்லை. குரூப் 4 தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. 2018இல் 9,351 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இன்னாட்டில் உண்டு உறைவிடப் பள்ளியில் தட்டுத்தடுமாறிப் பத்தாவது முடித்த பெண், கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம் என்று சட்டம் சொல்கிறது. பக்கத்து பெஞ்சில் முனைவர் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சட்டம் வெறும் காகிதம். வங்கி சொன்னதில் ஒரு துளி நியாயம் அங்கே இருக்கிறது: சில நாற்காலிகள் குறைவாகப் படித்தவர்களுக்கென்றே இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், மலையில் அந்தப் பத்தாவது பெண்ணும் எம்.எஸ்சி. அண்ணனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே போனில் ஹால் டிக்கெட் இறக்குகிறார்கள். அண்ணனுக்குக் கிடைத்தால் தங்கைக்குப் போயிற்று. யாருக்காக நியாயம் பேசுவது?

ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலேயர் ‘பட்டயநோய்’ என்று மொழிபெயர்க்கத்தக்க தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். இலங்கையும் அதில் ஒரு முக்கிய உதாரணம். தாமதமாக வளரும் நாடுகளில் வேலைக்கான தகுதி வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும்; எஸ்.எஸ்.எல்.சி. போதுமென்ற மேசைக்குப் பி.ஏ. வருவான், பிறகு அந்த மேசைக்குப் பி.ஏ.தான் தகுதி என்றாகிவிடும் என்பது அவர் வாதம். அது எவ்வளவு சரி என்று குரூப் 4 ஹாலில் தெரியும். அந்தப் புத்தகம் வந்த வருஷம் 1976. கல்வராயன் மலையிலிருந்து ஜாகீர்தார்கள் போன அதே வருஷம். ஏணி நீண்டுகொண்டே போகிறது என்று இங்கிலாந்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே மனிதர்கள் முதல் படியில் கால் வைக்க அப்போதுதான் கீழே வந்துகொண்டிருந்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ‘நீ அதிகமாகப் படித்துவிட்டாய்’ என்று சொல்வதில் உள்ள அநியாயம் இதுதான். ரங்கன் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த படிப்பு அவன் தலையில் நின்று கனக்கிறது. மலைக்காரனிடம் இருப்பது ஒரே ஒரு தலைமுறைப் படிப்பு. அது எப்படி ‘அதிகம்’ ஆகும்?

அப்படியானால் படிக்காமல் இருப்பதா மேல் என்று யாராவது வாட்ஸ்அப் தத்துவம் ஆரம்பித்தால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஏட்டுச் சுரைக்காய் பழமொழியைச் சொல்கிறவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள். பிழைச் செய்தியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஆலையில் இருப்பது ஆலைக்கே லாபம். அது தெரியாத முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், படித்தவன் தலையில் ‘ஓவர்’ போடுவது வசதியான வழக்கமாகிவிட்டது. நம் இலக்கியமும் அதே வசதியைத்தான் வேறு மாதிரி அனுபவித்தது: பட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்துகிறவனை எழுதுவது எளிது, பார்ப்பவர்களுக்கும் கண்ணீர் வரும். அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவன் யார் கண்ணிலும் படுவதில்லை. படாமல் இருப்பதுதான் அவனுடைய பிழைப்பே. அவனை எழுத வசனம் உதவாது. அவன் வாயைத் திறப்பதில்லை. முன்னிலைக் காட்சிகள் குறைவாக, கை எங்கே நிற்கிறது, கண் எதைப் படித்துவிட்டுப் படிக்காத மாதிரி திரும்புகிறது என்பதை எழுத வேண்டும். ‘எங் கதெ’யின் பேச்சுமொழி இதற்குப் போதாது என்று நினைக்கிறேன். அது தன்னைத்தானே கொட்டித் தீர்ப்பவனின் மொழி. ‘நெடுஞ்சாலை’யின் கைவேலை விவரணை பக்கத்தில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பிசைய ஒருவர் வர வேண்டும், மலையிலிருந்தே வந்தால் நல்லது.

நூற்பாலை நண்பர் இப்போது ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறார். நைட் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து போனிலேயே விண்ணப்பம் போட்டாராம். அதில் பத்தாவதிலிருந்து பி.எட். வரை ஒவ்வொரு மதிப்பெண்ணும், தேர்ச்சி பெற்ற மாதமும் கேட்டிருக்கிறது. எல்லாவற்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். தற்போது செய்யும் வேலை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

“இல்லைனு போட்டுட்டங்ணா.”